ரோசியின் கயிறு

கனடாவுக்கு வந்து 19 வருடமாகிறது. பூச்சியம் பாகைக் குளிரில் ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு நடக்கிற அளவுக்கு இந்த ஊர் பிடிபட்டுவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன கிழமை லிப்டில் அந்தப் பையனைக் கண்டேன்.

யுக்ரேனிலிருந்து வந்த குடும்பம், எங்கள் கட்டடத்துக்குப் புதிது. வலை வைத்த பையொன்றை நெஞ்சோடு அணைத்திருந்தான். உள்ளே சாம்பல் பூனை. பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான். 2022 இல் போலந்து எல்லை வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு வந்தவனாம். இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை என்றார் தாய். "உங்களிடம் பூனை, நாய் இருக்கிறதா?" என்று கேட்டார். "முந்தி இருந்தது" என்றேன். என் மாடி வந்துவிட்டது.

இங்கே நாய்க்குச் சப்பாத்து, மழைச்சட்டை எல்லாம் உண்டு. அம்மா வந்திருந்தபோது ஒன்றைக் கண்டுவிட்டு, "நாலு காலுக்கும் போட்டிருக்கடி!" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எங்கள் ரோசிக்கு மீன்முள்ளும் பழஞ்சோறும், மாமரத்தடியில் ஒரு சாக்கும். அதிலே ராணி மாதிரிப் படுத்திருப்பாள்.

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாண நகரும் எங்கள் ஊரும் அடங்கிய வலிகாமத்தை விட்டு உடனே வெளிக்கிடச் சொல்லிப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரவு மழை. 4, 5 லட்சம் சனத்துக்குச் செம்மணி – நாவற்குழிப் பாதையும் கோப்பாய் – கைதடிப் பாதையும்தான். தம்பிக்கு 8 வயது. பள்ளிக்கூடப் பையிலிருந்த கொப்பிகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு ரோசியின் குட்டியை உள்ளே வைத்தான். "விசரே உனக்கு?" என்று அம்மா கத்த, குட்டி தலையை நீட்டி அவரைப் பார்த்தது. அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ரோசியை நான் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனேன். செம்மணி வெளியில் ஓரடி வைக்க ஐந்து நிமிடம். கயிறு ஆட்களின் காலில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. "அவிட்டு விடு பிள்ளை, ஆக்கள் தடக்கி விழப்போகினம். அது எங்களை விட்டு எங்கை போகப்போகுது" என்றார் அப்பா. முடிச்சு மழையில் ஊறி இறுகியிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். வாயெல்லாம் சணல் மணம். கொஞ்ச நேரம் அவளுடைய ஈர மயிர் என் காலில் உரசியபடி வந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் குனிந்து தடவினேன். இல்லை.

திரும்பப் போனால் மிதிபட்டுச் செத்துப்போவோம். பின்னாலிருந்து தள்ளத் தள்ள நடந்தோம். பைக்குள் குட்டி மட்டும் முனகிக்கொண்டு வந்தது.

1996 இல் ஊர் திரும்பியபோது குட்டி வளர்ந்த நாயாகிவிட்டது. வீட்டில் கதவு, சன்னல் எதுவும் மிச்சமில்லை. மாமரத்தடியில் சாக்கு உக்கிப்போய்க் கிடந்தது. நாய் அதைச் சுற்றிச் சுற்றி மணந்து பார்த்தது. பிறகு அதன்மேல் படுத்துக்கொண்டது.

நேற்றிரவு லண்டனிலிருக்கும் தம்பியிடம் பூனைப் பையனைப் பற்றிச் சொன்னேன். அப்புறம் இத்தனை வருடமாகச் சொல்லாததையும் சொன்னேன்: அன்றைக்குக் கயிற்றை அவிழ்த்தது நான்தான் என்று.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"நீ எங்கை அக்கா அவிட்டனீ?" என்றான். "நானெல்லோ பல்லாலை கடிச்சு அவிட்டனான்."