தகரக் கூரையின் சூடு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டின் பின்கட்டில்தான் எங்கள் பட்டறை இருந்தது. காலையில் பால்மரம் வெட்டிவிட்டு வந்து, மதியத்துக்கு மேல் அப்பா புல்லாங்குழலுக்குத் துளை போடுவார், நாகசுரம் பழுது பார்ப்பார். அவருக்குப் பிறகு நான். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பல தோட்டங்களை வாங்கியது. அவற்றில் எங்கள் தோட்டம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அதுவும் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு கட்ட நிலம் கை மாறியது. காலி செய்யச் சொன்னார்கள். தீபாவளி முடிந்த கையோடு பட்டணத்தில் ஒரு கடைவீட்டை வாடகைக்குப் பிடித்தேன். தைப்பூசத்துக்குள் வேலை தொடங்கிவிட வேண்டும்.

கடைசல் இயந்திரத்தைத் தூக்க நாலு பேர் போதும். நாகசுரத்தில் ஊதும் சீவாளியும் அதைச் செருகும் கெண்டையும் ஒரு பிஸ்கட் டின்னில் அடங்கிவிட்டன. என் பயமெல்லாம் நாகசுரம் கடைகிற ஆச்சா மரக் கட்டைகளைப் பற்றித்தான். அவை தமிழ்நாட்டிலிருந்து வர வேண்டும். அதிலும் பழைய வீட்டைப் பிரித்தெடுத்த தூணோ உத்தரமோ என்றால்தான் நம்பிக் கடையலாம். பல காலம் காய்ந்து, அசைவு அடங்கிய மரம் அது. நாகசுரத்தின் உலவுக்குள், அதாவது அதன் நீண்ட மரக்குழலுக்குள், துளை மேலே குறுகித் தொடங்கிக் கீழே விரிந்துகொண்டே போகும். கடைந்த பிறகு மரம் லேசாக முறுக்கிக்கொண்டாலும் சுரம் கோணிவிடும். அது நல்ல மழைக்காலம் வேறு. கட்டைகளின் இரண்டு நுனியிலும் மெழுகு பூசி, பழைய கைலிகளில் சுற்றி, லோரியில் ஏற்றாமல் என் காரிலேயே நாலு நடையாகக் கொண்டுபோனேன். புது இடத்தில் சில வாரம் அவற்றைத் தொடவில்லை. ஒன்றுகூட வெடிக்கவில்லை.

மரத்தைக் காப்பாற்றினேன். என் காதைப் பற்றித்தான் யோசிக்காமல் விட்டேன்.

கடைவீட்டில் ஏர்கோன் இருந்தது. தகரக் கூரைக்கடியில் வெந்த உடம்புக்கு அது சுகமாக இருந்தது. அந்தக் குளிரில் உட்கார்ந்து ஒரு தம்பிக்கு 5 கட்டைச் சுருதியில் புல்லாங்குழல் செய்து கொடுத்தேன். மூன்றாம் நாள் கோயிலிலிருந்தே போன் செய்தான்.

“அண்ணே, சுருதிப் பெட்டியோட சேரவே மாட்டேங்குது. மேல மேல போகுது.”

அவன் ஊதுவதில்தான் குறை என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பு. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அதில் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும். குழலின் சுருதியும் கூடவே ஏறும். என் கடையில் 24 டிகிரி, கோயில் மண்டபத்தில் 32. கணக்குப்படி சுருதி ஏறுவது அரைக் கட்டையில் ஏறக்குறைய கால் பங்கு. ஊதுபவரின் மூச்சு குழலுக்குள் சூட்டைக் கொஞ்சம் சமமாக்கும்தான், ஆனால் முழுதும் இல்லை. சுருதிப் பெட்டியோ எந்தச் சூட்டிலும் அதே இடத்தில் நிற்கும். குளிரில் குழல் தாழ்ந்து கேட்டதால், நான் நுனியை அறுத்தும் துளைகளைக் கம்பியால் சுட்டு அகட்டியும் ஏற்றியிருந்தேன். அறுத்த மூங்கில் ஒட்டாது. நாகசுரமாக இருந்தால், விரல் படாத கீழ்த் துளைகளில் மெழுகை அடைத்தோ எடுத்தோ கொஞ்சம் சரிசெய்திருப்பேன்.

அப்பாவிடம் சுருதி பார்க்கும் கருவி எதுவும் இல்லை. இருந்தும் அவர் செய்த குழல் ஒன்றுகூட இப்படித் திரும்பி வந்ததில்லை. கோயில் மண்டபத்தில் எவ்வளவு சூடோ, கிட்டத்தட்ட அதே சூடு மத்தியானத்தில் எங்கள் பின்கட்டிலும் இருந்தது. பலகைச் சுவரும் மண்தரையும் எதிரொலியை விழுங்கிவிடும், குழலின் குரல் மட்டும் கேட்கும். இங்கே ஓட்டுத்தரை. எந்தக் குழலை ஊதினாலும் இனிமையாகத்தான் கேட்கிறது. சுருதி பார்க்கிறவனுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

அந்தத் தம்பிக்கு வேறு குழல் செய்து கொடுத்தேன். காசு வாங்கவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். லயம் இன்னும் இடிபடவில்லை. பட்டறைச் சுவர்ப் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டு வந்து, கடையின் இரண்டு சுவர்களில் அடித்தேன். அப்பா பென்சிலால் சுருதிக் கட்டைவாரியாகக் குறித்து வைத்த துளை அளவுகள் அவற்றில் இருக்கின்றன. ஏர்கோனை மதியத்துக்கு மேல் போடுவதில்லை. குழலை முடித்ததும் வெளியே அஞ்சடியில், அதாவது கடை முன்னாலுள்ள நடைபாதையில், அரை மணி நேரம் வைத்துவிட்டு, வெயிலின் சூட்டில் நின்று ஊதிப் பார்க்கிறேன். அந்த வருஷத் தைப்பூசத்துக்குப் போன குழல்கள் எல்லாம் அஞ்சடியில் சுருதி பார்த்தவைதான்.