பெலெம்: மிளகுப் பணத்தில் எழுந்த மடமும் பெயர்கள் நிறைந்த சுவரும்

போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனுக்குப் போகிறவர்கள் பெலெம் பகுதியைத் தவறவிடுவதில்லை. அங்கே முதலில் இழுப்பது ஜெரோனிமோஸ் மடம். தூண்களிலும் வாசல்களிலும் கல்லையே கப்பல் கயிறு போல முறுக்கியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த சரக்குகள் மீது மன்னர் மானுவேல் போட்ட 5 சதவீத வரிதான் இதன் கட்டுமானச் செலவுக்குப் பெரிதும் உதவியது. மலபார் மிளகும் அதில் அடக்கம். உள்ளே, 1498இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை. அதே கூரையின் கீழ், அந்தப் பயணத்தைக் காவியமாகப் பாடிய கவிஞர் கமோயிஷின் கல்லறை. இந்த நாடு தன்னை எப்படிப் பார்க்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சாலையைக் கடந்தால் ஆற்றங்கரையில், போர்ச்சுகீசியரின் கடற்பயணங்களைப் போற்றும் கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னம். பார்த்தால் பழங்காலத்துக் கம்பீரம். ஆனால் முதலில் அதை எழுப்பியது 1940இல், சர்வாதிகாரி சலாசாரின் அரசு நடத்திய கண்காட்சிக்காக. 1960இல்தான் நிரந்தரமாகக் கட்டினார்கள். அந்தக் கண்காட்சியில் காலனி நாட்டு மனிதர்களையும் காட்சிப்பொருளாக வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. அதற்கு முன்பே, 1934இல் ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். ஐரோப்பாவின் மேல் தங்கள் ஆப்பிரிக்கக் காலனிகளான அங்கோலாவையும் மொசாம்பிக்கையும் பரப்பி, ‘போர்ச்சுகல் சிறிய நாடு அல்ல’ என்று தலைப்பு போட்டார்கள். ஏழை நாட்டு மக்களுக்கு ஊட்டப்பட்ட பெருமை அது.

அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவர்களைப் பார்க்க இன்னும் கொஞ்சம் மேற்கே நடக்க வேண்டும். பெலெம் கோபுரத்தைத் தாண்டினால் போர்வீரர் நினைவிடம். 1961இல் அங்கோலாவில் தொடங்கிய விடுதலைப் போர் இன்றைய கினியா-பிசாவுக்கும் மொசாம்பிக்குக்கும் பரவி 13 ஆண்டுகள் நீடித்தது. கட்டாய ராணுவச் சேவைக்குப் பயந்து பிரான்சுக்கு ஓடிப்போன இளைஞர்கள் ஏராளம். போருக்குப் போய்த் திரும்பாத வீரர்களின் பெயர்கள், சுமார் 9,000, சுவர் முழுக்க நெருக்கமாக இருக்கின்றன. வெகுநேரம் வாசித்துக்கொண்டே நின்றேன். எதிர்ப்பக்கத்தில் இறந்த ஆப்பிரிக்கர்களின் பெயர்கள் அங்கே இல்லை. அது பெரிய குறை.

போரில் சலித்துப்போன இளம் ராணுவ அதிகாரிகள்தான் 1974 ஏப்ரல் 25 அன்று சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். காலனிகளை விடமாட்டேன் என்று பிடித்த பிடியே அந்த ஆட்சியை முடித்தது. போர்ச்சுகலின் இன்றைய ஜனநாயகத்துக்கு ஆப்பிரிக்க விடுதலைப் போராளிகளுக்கும் கடன் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

அப்புறம் வந்தது, விடுதலை பெற்ற காலனிகளிலிருந்து திரும்பிய போர்ச்சுகீசியக் குடியேறிகளின் அலை. சுமார் 90 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டுக்குள் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்து இறங்கினார்கள். ஆப்பிரிக்காவிலேயே பிறந்து, லிஸ்பனைப் பார்த்தே இராதவர்களும் அவர்களில் உண்டு. தங்க இடமில்லாமல் பலரை அரசு ஓட்டல்களில் வைத்தது. 1975இல் எடுத்த ஒரு புகைப்படத்தில், அவர்களுடைய சாமான் பெட்டிகள் அதே கண்டுபிடிப்புகளின் நினைவுச்சின்னத்தைச் சுற்றி மலைபோலக் குவிந்து கிடக்கின்றன. அந்தப் படத்தைப் பெரிதாக்கி அங்கேயே நிறுத்த வேண்டும். சின்னத்தின் முன் நின்று படமெடுக்கும் எல்லோரும் அதையும் பார்க்கட்டும்.