மீன்பிடித் துறையில் ஒரு நோட்டீஸ்

"தம்பி, பரீட்சை எழுத எங்க போகணும்?"

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் கடற்கரையில் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த அக்கா, ஆன்லைன் டிகிரி நோட்டீஸ் கொடுத்த பையனிடம் கேட்டார்.

"லிங்க் அனுப்புறேன்க்கா" என்றான். பாவம், அவனுக்கே தெரியவில்லை.

வழவழப்பான தாள். பட்டமளிப்புத் தொப்பியோடு சிரிக்கும் பெண், '100 சதவீத வேலை', ஒரு செல் நம்பர். மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று எங்கும் இல்லை.

ஆள் சேர்க்க வேண்டுமென்றால் அக்கா கேட்டதைத்தானே முதலில் அச்சடிக்க வேண்டும்? அதோடு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அப்போது ஃபீஸ் கேட்டால் யார் கட்டுவார்கள்?

அப்புறம், சேருகிறவர்கள் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம். பொறியியலும் மருத்துவமும் ஆன்லைனில் கிடையாது, யார் சொன்னாலும் சரி.