கனெலோனும் யூதாசும்: நான் தவறாகத் திருத்திய ஒரு விடைத்தாள்

கல்லூரியில் ஐரோப்பியச் செவ்விலக்கியம் நடத்தத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், ‘ரோலாந்து பாட்டு’ வரும்போதெல்லாம் கரும்பலகையை நடுவில் கோடிட்டுப் பிரித்து, ஒரு பக்கம் யூதாஸ் என்றும் மறுபக்கம் கனெலோன் என்றும் எழுதுவது என் வழக்கம். ஏறத்தாழ 1100-ஆம் ஆண்டளவில் உருவான அந்தப் பழம்பிரெஞ்சுக் காவியத்தில், பேரரசர் சார்லமேனின் படைத்தலைவன் ரோலாந்தை, அவனுடைய மாற்றாந்தந்தையான கனெலோன், சரகோசாவின் அரசன் மார்சிலிடம் காட்டிக்கொடுக்கிறான். யூதாசுக்கு முப்பது வெள்ளிக்காசு. கனெலோனுக்கு வாள், தலைக்கவசம், மனைவிக்கென்று அரசி கொடுத்த அணிகள், கோவேறு கழுதைகளில் ஏற்றிய பொன். மாற்கு சுவிசேஷம் பன்னிரு சீடரின் பெயர்களைச் சொல்லும்போதே யூதாசைக் காட்டிக்கொடுத்தவன் என்று அறிமுகம் செய்கிறது. பாட்டும் கனெலோன் அவைக்கு வரும் வரியிலேயே, இன்னும் எதுவும் நடக்காதபோதே, அவனைத் துரோகம் செய்தவன் என்கிறது. இவ்வளவு ஒப்புமை கிடைத்ததும் நான் மேற்கொண்டு தேடவில்லை.

ஒருமுறை உள்மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு மாணவி, கனெலோன் யூதாஸ் அல்லன், ஏனெனில் அவன் தன் பகையை எல்லோர் முன்னிலையிலும் அறிவித்துவிட்டான் என்று எழுதியிருந்தாள். பாடத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று கருதிப் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். தாளை வாங்கிக்கொண்டு, “சார், அவன் சொல்லிட்டுத்தானே செஞ்சான்?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

அடுத்த பருவத்துக்காக விசாரணைக் காட்சியை மீண்டும் ஊன்றிப் படித்தபோதுதான் அந்தக் கேள்வியின் எடை தெரிந்தது. முன்பு சென்ற தூதர்கள் இருவரைக் கொன்றுவிட்ட மார்சிலிடம் தன்னைத் தூதனுப்ப ரோலாந்து முன்மொழிந்தபோது, கனெலோன் பேரரசரின் கண்ணெதிரிலேயே அவனுக்கும் அவன் தோழர்களுக்கும் பகை அறைகூவுகிறான். பின்னர் விசாரணையில் அவன் செயலை மறுக்கவே இல்லை. நான் பழிதீர்த்துக்கொண்டேன், அதில் துரோகம் இல்லை என்று வாதாடுகிறான். வெளிப்படையாக அறிவித்த பகையைத் தீர்த்துக்கொள்வதை நிலமானிய வழக்கம் ஏற்றுக்கொண்ட காலம் அது. கனெலோனின் உறவினனான வலிமைமிக்க பினபெலுக்கு அஞ்சியும், இறந்த ரோலாந்து இனித் திரும்பி வரப்போவதில்லை என்று சொல்லியும், கூடியிருந்த பிரபுக்கள் அவனை விட்டுவிடும்படியே சார்லமேனிடம் வேண்டுகிறார்கள். தியெரி என்ற மெலிந்த உடல்வாகுள்ள வீரன் ஒருவன் மட்டும் எழுந்து, ரோலாந்து கனெலோனுக்குத் தீங்கே செய்திருந்தாலும், பேரரசரின் பணியில் இருந்ததே அவனுக்குக் காப்பாக இருந்திருக்க வேண்டும் என்கிறான். காவியத்தின் அறம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் நிற்பதாகவே எனக்குப் படுகிறது. தனிப்பகையைத் தீர்க்க, ரோலாந்து தலைமையேற்றிருந்த பின்காவல் படை முழுவதையும் பலிகொடுத்ததே குற்றம். அறைகூவலை ரோலாந்திடம் சொல்லிவிட்டான், அந்தப் படையில் இருந்த ஆயிரக்கணக்கானோரிடம் யார் சொன்னது?

ஆகவே மாணவி சொன்னது பாதி சரி. அந்தப் பாதியை நான் பார்க்கவே இல்லை என்பதுதான் இன்றும் எனக்கு வருத்தம்.

அதற்குப்பின் முத்தங்களையும் வேறுவிதமாகப் படிக்கத் தொடங்கினேன். யூதாஸ் தான் காட்டிக்கொடுப்பவரையே முத்தமிடுகிறான். கனெலோனோ, பரிசு கொடுத்துத் தன்னை விலைக்கு வாங்குபவர்களோடு முத்தம் பரிமாறிக்கொள்கிறான். யூதாசின் துரோகத்துக்கு நட்பின் அடையாளம் தேவைப்படுகிறது, கனெலோனின் துரோகம் ஓர் உடன்படிக்கையாகவே முடிகிறது. யூதாஸ் காசைத் திருப்பிக் கொண்டுவந்து, “குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்” என்கிறான். கனெலோன் இறுதிவரை இப்படி ஒரு சொல் சொல்வதில்லை. நான்கு குதிரைகளில் கட்டி இழுக்கப்பட்டுச் சாகிறான்.

தமிழில் படிப்பதால் கிடைத்த ஒன்றையும் சொல்ல வேண்டும். யூதாஸ் செய்ததற்குக் கிரேக்க மூலம் பயன்படுத்தும் வினை, கையளித்தல் என்ற பொருளுடையது. ஆசாரியர்கள் இயேசுவைப் பிலாத்துவிடம் அனுப்பும் இடத்திலும், ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பிதா தம் குமாரனைத் தந்தார் என்னும் இடத்திலும் அதே வினைதான் வருகிறது. தமிழ் வேதாகமமோ யூதாசுக்குக் ‘காட்டிக்கொடுத்தான்’ என்றும் மற்ற இரண்டு இடங்களில் ‘ஒப்புக்கொடுத்தல்’ என்றும் பிரித்துவிடுகிறது. தீர்ப்பை நம் மொழிபெயர்ப்பு முன்கூட்டியே எழுதிவிட்டது. கரும்பலகையில் கோடு போட்டபோது நான் செய்ததும் அதுவே.

வரலாற்றில் கனெலோன் இல்லை. 778 ஆகஸ்ட் 15 அன்று பிரனீஸ் மலைக் கணவாயில் சார்லமேனின் பின்காவல் படையைத் தாக்கியவர்கள் அம்மலைப் பகுதியின் பாஸ்க் மக்கள். சார்லமேனின் வரலாற்றை எழுதிய எய்ன்ஹார்ட் துரோகி என்று யாரையும் சுட்டவில்லை. தோல்விக்கு ஒரு முகம் வேண்டும் என்று பிற்காலப் பாட்டு தேடிக்கொண்டதாகவே நினைக்கிறேன்.

இந்த ஆண்டு பலகையில் கோடு போடவில்லை. இரண்டு பகுதிகளையும் அடுத்தடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். காசோடு வந்தவனிடம் ஆசாரியர்கள், “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்று சொல்லும் இடத்தில் ஒரு மாணவன் நிறுத்தி, இவர்களை ஏன் யாரும் துரோகி என்பதில்லை என்று கேட்டான். கனெலோனுக்குப் பிணை நின்றதற்காகத் தூக்கிலிடப்பட்ட முப்பது உறவினர்களைப் பற்றி இன்னொருத்தி பேசத் தொடங்கும் முன் மணி அடித்துவிட்டது. அடுத்த வகுப்பை அங்கிருந்து தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறேன்.