டெல்லி போய் வந்த தூரம்

கிரான் டூரிஸ்மோ 4 என்ற கார் பந்தய வீடியோ விளையாட்டில் நூர்பர்க்ரிங் 24 மணி நேரப் பந்தயத்தை நடுவில் சேவ் செய்ய முடியாது. பாஸ் போடலாம். போட்டுவிட்டுத் தூங்கலாம், சாப்பிடலாம், கடைக்குப் போய் வரலாம். ஆனால் பிளேஸ்டேஷன் 2 அணையாமல் இருக்க வேண்டும். கரண்ட் ஒரு நொடி போனாலும் அதுவரை ஓட்டியது அத்தனையும் போய்விடும். நான் இந்தப் பந்தயத்தை ஓட்டியது 2012-இல், நாமக்கல்லில். ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது என்றிருந்த காலம்.

அப்போது எனக்கு 22 வயது. கல்லூரியில் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைத்திருந்தது. சேரும் தேதி மட்டும் வரவில்லை. ஜூலை என்றார்கள், செப்டம்பர் என்றார்கள், அப்புறம் மெயிலே வருவதில்லை. வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். அந்த விளையாட்டில் மற்ற எல்லாப் பந்தயங்களையும் முடித்திருந்தேன். மிச்சம் இருந்தது நீண்ட பந்தயங்கள். அவற்றிலும் மிகப் பெரியவற்றில் ஒன்று இது.

நூர்பர்க்ரிங் ஜெர்மனியில் ஐஃபெல் மலைப்பகுதியில் இருக்கிறது. 1927-இல் திறந்தார்கள். அதன் வடக்குச் சுற்று, நார்ட்ஷ்லைஃப, கிட்டத்தட்ட 20.8 கிலோமீட்டர். காட்டுக்குள் ஏறி, இறங்கி, வளைந்து போகும் ஒற்றைச் சாலை. மரம், வேலி, அடுத்த மேடு. அதற்கு அந்தப் பக்கம் என்ன என்று தெரியாது. 1976-இல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நிக்கி லவுடாவின் கார் பெர்க்வெர்க் வளைவுக்குச் சற்று முன்னால்தான் மோதித் தீப்பிடித்தது. அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம், அது வெறும் விளையாட்டாக இருந்தாலும், நான் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துவேன்.

இந்த விளையாட்டில் பி-ஸ்பெக் என்று ஒன்று உண்டு. வண்டியைக் கணினி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு நாம் கட்டளை மட்டும் சொல்லலாம். நேரத்தை மூன்று மடங்கு வேகமாக ஓடவும் விடலாம், 24 மணி நேரம் எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நிறையப் பேர் அப்படித்தான் முடித்தார்கள், அதில் தப்பே இல்லை. எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. அந்தச் சாலையின் ஒவ்வொரு மேடும் என் கையில் பதிய வேண்டும். 24 மணி நேரத்தையும் நானே ஓட்டுவது என்று முடிவு செய்தேன்.

வண்டி, மஸ்டா 787பி. 1991-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற நிஜ வண்டி. ஆரஞ்சும் பச்சையும் பூசியது. பிஸ்டன் கிடையாது, நான்கு ரோட்டர்கள் சுழலும் எஞ்சின். அதன் சத்தத்தை எங்கள் பழைய 21 இஞ்ச் டிவியின் ஸ்பீக்கரில் கேட்டாலே உடம்பு சிலிர்க்கும். ஜானி ஹெர்பர்ட், ஃபோல்கர் வைட்லர், பெர்ட்ராண்ட் காஷோ மூவரும் மாறி மாறி 362 சுற்று ஓட்டினார்கள். கடைசியாக ஓட்டிய ஹெர்பர்ட் உடம்பில் நீர் வற்றி, பரிசு மேடைக்கே வர முடியாமல் மருத்துவ அறைக்குப் போனார்.

முதல் முயற்சி செப்டம்பரில். இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் வைத்தேன். அப்போதுதான் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரத்தில் பிளேஸ்டேஷன் அணையாது. ஸ்லிம் மாடல் என்பதால் ஒரு பழைய குண்டு பல்பு அளவுகூடக் கரண்ட் இழுக்காது. டிவிதான் அதிகம் இழுக்கும், ஓட்டாத நேரத்தில் அதை அணைத்துவிடலாம். கணக்கெல்லாம் சரியாக இருந்தது. ஐந்தாம் நாள், 131 சுற்று முடித்து, இரவு பாஸ் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் பிளேஸ்டேஷனில் பச்சையாக இருக்க வேண்டிய விளக்கு சிவப்பாக இருந்தது. இரவில் பேட்டரி தீர்ந்து, அப்புறம் கரண்ட் வந்திருக்கிறது.

அப்பா அன்று வீட்டில் இருந்தார். அவர் லாரி டிரைவர். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசியை வடக்கே ஏற்றிக்கொண்டு போவார். நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து இன்வெர்ட்டர் பக்கம் போனார்.

"தண்ணி பாத்தியா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

பேட்டரியின் ஆறு மூடிகளிலும் மிதவை அடியில் கிடந்தது. டிஸ்டில்டு வாட்டர் வற்றி எத்தனை மாதமோ. பேட்டரியின் கொள்ளளவு 150 ஏஎச் என்று நான் போட்டிருந்த கணக்கு வெறும் ஸ்டிக்கரில் மட்டும்தான் இருந்திருக்கிறது. அப்பா திட்டவில்லை. தண்ணீர் வாங்கிவந்து ஊற்றினார். இரண்டு நாள் கழித்து, பட்டறையிலிருந்து நல்ல நிலையில் இருந்த ஒரு லாரி பேட்டரியைச் சார்ஜ் போட்டு எடுத்துவந்து, பழையதோடு பேரலலாகக் கோர்த்துக் கொடுத்தார். அப்புறம்தான் கேட்டார், "அது எத்தன மணி நேரம் ஓட்டணும்?"

சொன்னேன். சுற்றின் தூரத்தையும் சொன்னேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சுற்று பார்த்தார். நான் வேகத்தைக் காட்டுவதற்காக அடித்து ஓட்டினேன், ஐந்து நிமிடம் ஐம்பது நொடியில் ஒரு சுற்று. அடுத்த சுற்றில் ஃப்ளுக்ப்ளாட்ஸ் மேட்டில் வண்டி லேசாகி, சுழன்று வேலியில் இடித்தது.

"முதல்ல ஓட்டுனதுல எத்தன வாட்டி இடிச்ச?"

"எண்ணலீங்கப்பா. ஒரு முப்பது நாப்பது இருக்கும்."

"அதான் கண்ணு எண்ணணும். வேகத்த எண்ணாத."

இன்னொன்றும் சொன்னார். கண் எரிய ஆரம்பித்தால், அரை மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தியிருக்க வேண்டும் என்று அர்த்தமாம். தொப்பூர் கணவாயில் இறங்குவதற்கு முன்னால், தூக்கமே வராவிட்டாலும் அவர் வண்டியை ஓரம் கட்டி முகம் கழுவுவார். இருபத்தைந்து வருடப் பழக்கம்.

ஆயுத பூஜைக்கு லாரிக்குச் சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் ஏற்றி நசுக்கி, அக்டோபர் 25 விடியற்காலை அப்பா டெல்லிக்குக் கிளம்பினார். அன்று காலையே நானும் இரண்டாம் முறை தொடங்கினேன்.

இந்த முறை எனக்கென்று விதிகள் வைத்துக்கொண்டேன். ஒரு சுற்று ஆறு நிமிடம் ஐந்து நொடி. அதற்குக் குறைவாக வந்தால் அடுத்த சுற்றை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவேன். ஐந்து சுற்றுக்கு ஒருமுறை பிட், அதாவது எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் நிறுத்தம். எரிபொருள் ஆறாவது சுற்றுக்கும் வரும்போலத் தெரியும், ஆசைப்படக் கூடாது. பிட் பாதையைத் தவறவிட்டால் திரும்ப 20 கிலோமீட்டர் சுற்றி வர வேண்டும். டயர் படத்தில் சிவப்பு ஏறிய பிறகு கருசெல் வளைவின் கான்கிரீட் சரிவில் வண்டி ஒட்டவே ஒட்டாது. அப்புறம், பாஸ் போடுவது டோட்டிங்கர் ஹோஹ நேர்ப்பாதையில் மட்டும். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நேராகப் போகும் இடம் அது. வளைவின் நடுவில் நிறுத்திவிட்டு ஐந்து மணி நேரம் கழித்து வந்தால் கை எல்லாவற்றையும் மறந்திருக்கும்; முதல் நொடியிலேயே வேலிதான். இதைச் செப்டம்பரில் பலமுறை இடித்துக் கற்றுக்கொண்டேன்.

ஓட்டும்போதும் அந்த நேர்ப்பாதைதான் ஓய்வு. இடது கை விரல்களை மடக்கி நீட்டுவேன், ஒரு வாய் தண்ணீர் குடிப்பேன். எக்ஸ் பட்டனை அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் கொப்பளித்துவிட்டதால், மூன்றாம் நாள் ஆக்ஸிலரேட்டரையும் பிரேக்கையும் வலது ஸ்டிக்குக்கு மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். பந்தயத்தின் நடுவில் கையைப் புதிதாகப் பழக்கப் பயம். விரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு ஓட்டினேன்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, "ஒரே ஆள் எப்படி 24 மணி நேரம் ஓட்டுவார்?" என்று ஆபீஸில் கேட்டார்கள். நிஜத்தில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை, ஒரு வண்டிக்கு மூன்று நான்கு பேர் இருப்பார்கள். எனக்கு இருந்தது பாஸ் பட்டன் மட்டும். அதனால் தூக்கம் எனக்குப் பிரச்சினையாக இல்லை. தனிமைதான் பிரச்சினை. மொத்தமே ஆறு வண்டிகள். முதல் நாளே மற்ற ஐந்தையும் ஒரு சுற்று பின்னால் விட்டுவிட்டேன். அதன் பிறகு போட்டி என்று எதுவும் இல்லை. காடும் சாலையும் நானும்தான். ஆனால் சலிப்பு வரவில்லை. அறுபதாவது சுற்றுக்கு மேல் அந்தச் சாலையில் புதிது புதிதாகத் தெரிய ஆரம்பித்தது. பிஃப்லான்ஸ்கார்டனில் வண்டி தாவி இறங்குவதற்கு முன் ஸ்டியரிங் நேராக இருக்கிறதா என்பது, ஆடனாவர் ஃபார்ஸ்ட்டில் திருப்பத்தைப் பார்த்த பிறகு பிரேக் பிடித்தால் தாமதம் என்பது. ரேங்கிற்காக ஓட்டியிருந்தால் இவை எனக்குத் தெரியவே வந்திருக்காது.

கிரான் டூரிஸ்மோ 4-இல் இரவு வராது. 24 மணி நேரமும் ஒரே வெளிச்சம், ஒரே வானம். எங்கள் ஜன்னலில்தான் பகலும் இரவும் மாறிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் தெருவே இருண்டு கிடக்கும்போது, எங்கள் முன்னறையில் மட்டும் ஐஃபெல் மலையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். அம்மா ஒரு ஃபேனை மட்டும் போட்டுக்கொண்டு, இன்னொன்றை எனக்காக விட்டுக்கொடுத்தார். அதை நான் பிளேஸ்டேஷனுக்கு வைத்தேன், சூடாகாமல் இருக்க. நீலம் புயல் கரையைக் கடந்த அன்று, "சாமி, செய்தி மட்டும் பாத்துக்கறேன்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். டிவியில் சேனலை மாற்றினால் பந்தயத்துக்கு ஒன்றும் ஆகாது என்று காட்டிக் கொடுத்தேன். அதுவரை ஏழு நாளாக சீரியல் எதுவும் பார்க்காமல் இருந்திருக்கிறார். அது எனக்கு உறைத்தபோது மிகவும் கஷ்டமாக இருந்தது.

அப்பா இரவில் ஃபோன் செய்வார். முன்பெல்லாம் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுவார். அந்த வாரம் என்னிடமும் கொடுக்கச் சொன்னார்.

"அடிலாபாத் தாண்டிட்டேன். நீ எங்க இருக்கற?"

"எழுபத்தெட்டாவது சுத்துங்கப்பா."

"எத்தன கிலோமீட்டர்?"

"ஆயிரத்து அறுநூறுக்கு மேல."

"என்னைய முந்திட்டயே. இடிச்சது?"

"நாலு."

நூற்றுப் பதினைந்தாவது சுற்று முடிந்ததும், அவர் கணக்குப்படி நான் டெல்லியில் லோடு இறக்கிவிட்டுத் திரும்ப ஆரம்பித்துவிட்டேன். அவர் அப்போது நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் இருந்தார். வேலையைப் பற்றியோ மெயிலைப் பற்றியோ அந்த ஒன்பது நாளும் நாங்கள் பேசவில்லை. எங்கே இருக்கிறோம், அடுத்து எங்கே நிறுத்துவது, இவை மட்டும்தான். அப்பாவோடு நான் அவ்வளவு பேசியது அதுவரை இல்லை.

நவம்பர் 2, வெள்ளிக்கிழமை சாயங்காலம். கடைசி மூன்று சுற்றில் கை நடுங்கியது. யாரும் பின்னால் இல்லை, எல்லோரும் பல சுற்று பின்தங்கியிருந்தார்கள், இருந்தாலும் நடுங்கியது. ஆறு நிமிடம் இருபது, ஆறு நிமிடம் இருபத்தைந்து என்று ஓட்டினேன். 231-ஆவது சுற்றில் கோட்டைக் கடந்தேன். 4,800 கிலோமீட்டர். அந்த விளையாட்டில் நாமே ஓட்டி ஜெயித்தால் ஒரு பந்தயத்துக்குக் கிடைக்கும் ஏ-ஸ்பெக் புள்ளி அதிகபட்சம் 200. இரண்டு சுற்றுப் பந்தயத்துக்கும் அதே வரம்பு, 24 மணி நேரத்துக்கும் அதே வரம்பு. அதைப் பார்த்து எனக்கு வருத்தமே வரவில்லை. மெமரி கார்டில் சேவ் ஆகும்வரை எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு ஃபோன் போட்டேன். திரும்பும் லோடுக்காக டெல்லியில் இரண்டாவது நாளாகக் காத்துக்கொண்டிருந்தார்.

"முடிச்சுட்டேங்கப்பா."

"எத்தன வாட்டி இடிச்ச?"

"ஒம்பது."

கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பின்னால் யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"சரி கண்ணு. பொட்டிய அமத்திட்டுத் தூங்கு. காலைல மறக்காம பேட்டரிக்குத் தண்ணி பாரு."