கடன் கொப்பி

"சில்லறை இல்லாட்டிப் பிறகு தாங்கோ பிள்ளை."

இன்று காலை, கிளிநொச்சியில் ஒரு சின்னக் கடை. ஐயா கொப்பியை எடுத்து என் கணக்கை எழுதினார். கிழிந்த மட்டையை நூலால் தைத்திருந்தார். பேனையும் அந்த நூலிலேயே தொங்கியது.

90களில், போர்க்காலத்தில் அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடைக்குள் இப்படியான கடைகள்தான் எங்களைத் தாங்கின. பற்றரி இல்லை, சவர்க்காரம் அருமை. ஜாம் போத்தல் விளக்கில்தான் படிப்பு.

2002இல் கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 வீதி திறந்ததும் கடைத்தெரு நிறைந்தது. 2006இல் மறுபடி பூட்டு. 2009இல் போர் முடிந்தபோது கடையும் இல்லை, கொப்பியும் இல்லை.

மீளக் குடியேறி, தறப்பாள் கொட்டிலில் ஐயா திரும்பவும் கடை போட்டாராம். பழைய கடன்காரர் சிலர் தாங்களாகவே தேடி வந்து காசு கொடுத்தார்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சரி, பின்னேரம் அந்த இருபது ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுக்கவேணும்.