ஜீப்பின் முன்சக்கர பேரிங்: இடப்பக்கம் முடிந்தது

பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் சுமந்து மூப்படைந்த மகேந்திரா ஜீப் இது. வேகம் 40ஐத் தாண்டினால் முன்னால் இடப்பக்கம் ஓர் உறுமல். வலப்பக்கம் ஒடித்தால் கூடும், இடப்பக்கம் ஒடித்தால் அடங்கும்.

ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், ஆடியது. சக்கரம் இருபுறமும் திரும்ப அச்சாக நிற்கும் கிங்பின் தேய்ந்தாலும் இப்படி ஆடும் என்பதால் தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். ஆட்டம் நின்றது. ஆக, குற்றம் வீல் பேரிங்கில்தான்.

இந்த வண்டியில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். வழக்கமான திசையில் மல்லுக்கட்டினால் நட்டு ஏறும் ஸ்டட் போல்ட்தான் முறியும். உள்ளே இரண்டு பெரிய நட்டுகள், நடுவில் லாக் வாஷர். உளி வைத்து அடித்த தழும்புகள் நட்டு முழுவதும்! நான் லேத் பட்டறையில் குழாய் ஸ்பேனர் செய்து வாங்கியிருந்தேன்.

சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைக் கழற்றினால், கிரீஸ் மோர் நிறத்தில் இருந்தது. தோட்டத்து ஓடைகளில் இறங்கி ஏறிய வண்டி அல்லவா? சூடான ஹப் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, தேய்ந்த சீல் என்ற அடைப்பு வளையத்தின் வழியே நீரை இழுத்துக்கொள்கிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் சீலை மறந்து பேரிங்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

"கப் நன்றாகத்தானே இருக்கிறது, கோன் மட்டும் போதும் தம்பி" என்றார் வடசேரிக் கடை அண்ணாச்சி. கப் என்பது ஹப்பில் பதிந்திருக்கும் வெளிவளையம், கோன் என்பது உருளைகள் சேர்ந்த உள்வளையம். கப்பில் உருளைகளின் இடைவெளி அளவிலேயே துருக்கோடுகள் விழுந்திருந்தன. அதன்மேல் புது கோன் எத்தனை நாள் ஓடும்? 18590 கோன், 18520 கப் என்று ஜோடியாகவே வாங்கினேன். உள்ளும் வெளியும் ஒரே அளவு என்பதால் சக்கரத்துக்கு இரண்டு ஜோடி.

பழைய கப்பைப் பித்தளைக் கம்பியால் மாறி மாறித் தட்டி இறக்கினேன். புதியது அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியலின் ஓசை கனத்துவிடும்; அதற்கு மேல் அடிக்கக் கூடாது. லித்தியம் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் மறுபுறம் பிதுங்கும்வரை கோனை அழுத்தினேன். ஹப்பை நிறைய அடைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சூட்டில் இளகினால் பிரேக் ஷூவுக்குத்தான் போகும்.

சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள்நட்டை இறுக்கி, அது பிடித்ததும் ஆறில் ஒரு பங்கு சுற்று தளர்த்தினேன். வெளிநட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஆட்டிப் பார்த்துத்தான் வாஷரை மடக்கினேன்.

குலசேகரம் வரை ஓட்டிவந்து ஹப்பைத் தொட்டால் வெதுவெதுப்பு மட்டும், உறுமல் போய்விட்டது. வலப்பக்கத்தில் பிரேக் சிலிண்டரும் கசிகிறது. அதன் ரப்பர் கிட் வந்ததும் அந்தப் பக்க பேரிங், சிலிண்டர் இரண்டையும் சேர்த்தே பிரிக்கப் போகிறேன்.